வேலைக்குப் போக ஒரு சைக்கிள்: கடையில் வாங்குவதா, கையால் சேர்ப்பதா?

2023 இல் நான் ஒரு சைக்கிளை உதிரி உதிரியாகச் சேர்த்துக் கட்டினேன். சென்னை பாடியில் ஒரு காயலான் கடையில், ஃபோர்க்கோடு (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) சேர்ந்த பழைய ஃபிரேம் ஒன்று 500 ரூபாய்க்குக் கிடைத்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். ‘மிச்சத்தை மெல்ல மெல்ல வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம், மலிவாக முடிந்துவிடும்’ என்று நினைத்தேன். இரண்டரை மாதம் கழித்து, கடைசி நட்டு வரை நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தபோது 7,240 ரூபாய் வந்தது. அதே வாரம், நான் உதிரிபாகம் வாங்கிய அதே கடையின் வாசலில், அதே உயரத்தில், அதே அமைப்பில் ஒரு புதிய கறுப்புச் சைக்கிள் 6,200 ரூபாய்க்கு நின்றுகொண்டிருந்தது. பெல்லும் ஸ்டாண்டும் கேரியரும் அந்த விலைக்குள்ளேயே அடக்கம்.

அடுத்த ஆண்டு தம்பிக்கு வேலை கிடைத்தபோது மறுபடியும் முயன்றேன். இந்த முறை ஃபிரேம் வாங்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஒரு முழுப் பழைய சைக்கிளை 1,800 ரூபாய்க்கு வாங்கி, தேய்ந்தவற்றை மட்டும் மாற்றினேன். மொத்தம் 3,960 ரூபாய். அது இன்றும் தினமும் வில்லிவாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய் வருகிறது.

கையில் பணம் குறைவு, ஆனால் வேலைக்குப் போக ஒரு வண்டி வேண்டும் என்கிறவர்களுக்காக இந்த இரண்டு அனுபவங்களையும் வைத்து எழுதுகிறேன். விலைகள் எல்லாம் என் நோட்டில் உள்ளவை. உங்கள் ஊரில், நீங்கள் வாங்கும் நாளில் கூடக்குறைய இருக்கும். ஆனால் எந்தச் செலவு பெரியது, எது சிறியது என்ற வரிசை அவ்வளவாக மாறாது.

உதிரியாக வாங்கினால் ஏன் விலை ஏறுகிறது

என் 7,240 ரூபாயைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். ஃபிரேம் 500. இரண்டு சக்கரங்கள் மட்டும் 2,710: ரிம் இரண்டு 700, ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) ஜோடி 450, கம்பிகள் 72 சேர்த்து 300, கம்பி பின்னிக் கோட்டம் (சக்கரத்தின் கோணல்) எடுத்த கூலி 300, டயர் இரண்டு 700, ட்யூப் இரண்டு 260. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பணம் இங்கேயே போய்விட்டது. கிராங்க் (பெடல் மாட்டும் கை), ஃபிரீவீல் (பின்சக்கரத்தின் பல்சக்கரம்), செயின், பெடல் எல்லாம் சேர்ந்து 1,110. மிச்சம் 2,920 ரூபாய், நான் முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ளாத சில்லறைகள்: ஹேண்டில்பார், பிரேக் செட், சீட், சீட்டைத் தாங்கும் தண்டு, மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், பெயின்ட், பெல், வாஷர். இவற்றில் எதுவும் 400 ரூபாயைத் தாண்டவில்லை. எதையும் விட்டுவிடவும் முடியவில்லை.

தொழிற்சாலை இதே பாகங்களை ஆயிரக்கணக்கில் வாங்குகிறது. நாம் ஒவ்வொன்றாகச் சில்லறை விலையில் வாங்குகிறோம். ஒவ்வொரு பாகத்திலும் மொத்த வியாபாரி, கடைக்காரர் என இரண்டு பேருடைய லாபம் ஏறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்திதான். ஆனால் அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறைந்ததால் இந்தக் கணக்கு மாறவில்லை.

ஆகவே வெறும் ஃபிரேமிலிருந்து கட்டுவது ஆசைக்காகச் செய்கிற வேலை. சிக்கனத்துக்காகச் செய்கிற வேலை அல்ல. சிக்கனம் பார்ப்பவருக்கு இருப்பவை இரண்டே வழிகள்: புதியதை முழுதாக வாங்குவது, அல்லது நல்ல சக்கரம் உள்ள பழையதை முழுதாக வாங்கித் தேற்றுவது. எந்த வழி என்பதைச் சக்கரங்கள்தான் தீர்மானிக்கும்.

படி 1: பணத்தை எடுக்கும் முன் பாதையைப் பாருங்கள்

எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு, வண்டியை எங்கே நிறுத்துவீர்கள், என்ன சுமப்பீர்கள் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் கடைக்காரர் உங்களைக் குழப்ப முடியாது.

என் தம்பியின் பாதை ஏறத்தாழ 6 கிலோமீட்டர். சென்னை தட்டையான ஊர். வழியில் மேடு என்றால் பாடி மேம்பாலம் ஒன்றுதான். இதற்குக் கியர் சைக்கிள் தேவையே இல்லை. சாதாரணக் கறுப்புச் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருக்கும். 28 அங்குலச் சக்கரத்தில் பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று, அதாவது அவசரமில்லாத மிதி, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் தரும். சிக்னல்களையும் சேர்த்து 25 நிமிடத்தில் எஸ்டேட் வாசல். மேம்பாலத்தில் தொடை வலித்தால் பின்னால் 18 பல்லுக்குப் பதில் 20 பல் ஃபிரீவீல் போட்டுக்கொள்ளுங்கள். ஏழையின் கியர் அதுதான். செயின் நீளம் போதவில்லை என்றால் ஒரு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும்.

நீங்கள் இருப்பது குன்னூரிலோ ஏற்காட்டிலோ என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள். அங்கே கியர் வேண்டும். பழையதைத் தேற்றும் கணக்கும் வேறு.

நிறுத்துமிடமும் முக்கியம். ரயில் நிலைய சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியோடு வண்டி உரசிக்கொண்டு நாள் முழுக்க நிற்கும். பளபளப்பான வண்டிக்கு அங்கே மரியாதை கிடையாது. கடலோரத்தில் வீடு என்றால் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் வேகத்தையும் நினைவில் வையுங்கள்.

படி 2: முதலில் மாடிப்படிக்கு அடியில் தேடுங்கள்

பழைய சைக்கிள் தேடி ஊரெல்லாம் அலைவதற்கு முன் சொந்த வீட்டில், சித்தப்பா வீட்டில், எதிர்வீட்டில் கேளுங்கள். தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தந்த விலையில்லா மிதிவண்டிகள் எத்தனையோ வீடுகளில் மாடிப்படிக்கு அடியில், டயர் இறங்கி, மேலே பழைய பாய் சுருட்டி வைக்கப்பட்டுக் கிடக்கின்றன. கல்லூரிக்குப் பஸ்ஸில் போகத் தொடங்கிய அக்காவின் வண்டி அதிகம் ஓடியிருக்காது. சக்கரமும் பல்லும் தேய்ந்திருக்காது. ரப்பர் மட்டும்தான் காய்ந்து வெடித்திருக்கும். டயர், ட்யூப், பிரேக் கட்டை, கிரீஸ் ஆகியவற்றுக்கான செலவோடு வேலை முடிந்துவிடும். இதைவிட மலிவான வழி வேறு கிடையாது. ஆனால் அப்படிப்பட்ட வண்டியை முன்பின் தெரியாதவர் தெருவில் விற்றால் வாங்காதீர்கள். அது எந்தப் பிள்ளையுடையது என்று உங்களுக்குத் தெரியாது.

அடுத்தது தெருமுனை சைக்கிள் கடை. மெக்கானிக்கிடம் விற்பனைக்கு வண்டி இருக்கிறதா என்று கேட்காமல், ‘யாராவது விற்கிறார்களா?’ என்று கேளுங்கள். பேப்பர் போடுகிறவர், பால் போடுகிறவர், மோட்டார் சைக்கிளுக்கு மாறியவர் என எல்லோருடைய வண்டியின் வரலாறும் அவருக்குத் தெரியும். காயலான் கடை கடைசி இடம். அங்கே வந்து சேர்ந்த வண்டி எதற்காக அங்கே வந்தது என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

யாரிடம் வாங்கினாலும் ஃபிரேமில் பொறித்த எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் சீட்டுக்குக் கீழே உள்ள இணைப்பிலோ பெடல் அச்சுக்கு (இரண்டு கிராங்கையும் இணைக்கும் தண்டு) அடியிலோ இருக்கும். எண்ணை யாரோ அரம் போட்டுத் தேய்த்திருந்தால் அங்கேயே விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். விற்கிறவரின் பெயர், முகவரி, ஃபிரேம் எண், தொகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது யாரையும் அவமதிப்பது ஆகாது.

படி 3: பத்து நிமிடச் சோதனை

எங்கள் தெரு மெக்கானிக் ஒரு பெரியவர். நான் இரண்டாம் முறை வண்டி பார்க்கப் போனபோது அவரையும் கூட்டிப் போனேன். நான் பெயின்ட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வண்டியைத் தலைகீழாகத் திருப்பி நிறுத்தி, ஒன்றும் பேசாமல், பின்சக்கரத்தின் கம்பிகளை இரண்டு இரண்டாகக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வந்தார். நடுவில் ஓரிடத்தில் நின்றார். நான்கு கம்பிகள் தொளதொளவென்று இருந்தன. “தம்பி, பெயின்ட்டை அப்புறம் பாருங்கள். சக்கரம் சொல்வதைக் கேளுங்கள்” என்றார். அந்த நான்கு கம்பிகளைக் காட்டித்தான் 2,500 ரூபாயில் ஆரம்பித்த பேரத்தை இறக்கத் தொடங்கினோம்.

அவரிடம் கற்ற வரிசை இது.

சக்கரத்தைச் சுழற்றுங்கள். பிரேக் கட்டைக்கும் ரிமுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். சக்கரம் பக்கவாட்டில் ஆடினால் அது கோட்டம். கோட்டம் எடுத்துவிடலாம், செலவும் அதிகமில்லை. ஆனால் ஓரிடத்தில் மட்டும் ரிம் உள்ளே அமுங்கியிருந்தால், பள்ளத்தில் விழுந்து அடிபட்ட ரிம். அது சரியாகாது. டயரை ஓரிடத்தில் விலக்கி ரிமின் உள்பள்ளத்தையும் பாருங்கள். வெளியே குரோம் மின்னும், உள்ளே துரு தின்றிருக்கும். விரலால் சுரண்டினால் செதிலாக உதிர்கிறதென்றால் ரிம் போய்விட்டது. இரண்டு ரிமும் போயிருந்தால் அந்த வண்டியை இலவசமாகத் தந்தாலும் யோசியுங்கள். சக்கரம் மட்டும் எனக்கு 2,710 ஆன கதையை மேலே படித்தீர்கள்.

ஃபிரேமுக்கு வாருங்கள். ஹேண்டில் நுழையும் குழாயை ஒட்டி, கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். பெயின்ட் சுருக்கம் விழுந்திருந்தால், குழாய் லேசாக உப்பியிருந்தால், வண்டி எதன் மீதோ நேராக மோதியிருக்கிறது. பிறகு நூல் சோதனை. பின் அச்சு மாட்டும் இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய் ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்க அச்சு இடத்துக்குக் கொண்டுவந்து இழுத்துப் பிடியுங்கள். சீட்டுக் குழாயின் இரண்டு பக்கமும் நூலுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஃபிரேம் வளைந்திருக்கிறது. பற்றவைத்த தழும்பு உள்ள ஃபோர்க்கைத் தொடவே வேண்டாம். ஃபோர்க் முறிந்தால் முகம்தான் முதலில் தரையில் படும்.

செயினை அளக்க ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் சுழியை வைத்து, அங்கிருந்து 24 ஆவது பின்னைப் பாருங்கள். புதுச் செயினில் அது சரியாக 12 அங்குலத்தில் இருக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் ஃபிரீவீலையும் சேர்த்து மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராது, ஏறி மிதிக்கும்போது வழுக்கும். இதை விற்பவர் முன்னாலேயே அளந்து காட்டுங்கள். பேரம் தானாக நடக்கும்.

கடைசியாகக் கிராங்கை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் பால்ஸும் (அச்சைச் சுற்றியுள்ள இரும்புக் குண்டுகள்) கோனும் (அவற்றை அழுத்திப் பிடிக்கும் கூம்பு) தேய்ந்திருக்கலாம், அல்லது காட்டர் பின் (கிராங்கை அச்சோடு பிணைக்கும் ஆப்பு) தளர்ந்திருக்கலாம். இரண்டுமே சிறு செலவு. துருப்பிடித்த மட்கார்டு, கிழிந்த சீட், உரிந்த பெயின்ட், காணாமல் போன பெல் ஆகியவற்றைப் பார்த்து வருத்தப்படாதீர்கள். ஆனால் வருத்தப்படுவது போல முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். விலை இறங்கும்.

உயரத்தை மறக்க வேண்டாம். கறுப்புச் சைக்கிள்கள் பெரும்பாலும் 22, 24 அங்குல ஃபிரேமில் வருகின்றன. மேல்பாரின் மீது காலை அகட்டி நின்றால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். குரங்குப் பெடல் போட்டுப் பழகிய பருவம் வேறு, நெரிசலில் சட்டென்று காலூன்ற வேண்டிய பருவம் வேறு. சேலையிலோ சுடிதாரிலோ ஓட்டுபவர் பார் இல்லாத ஃபிரேமையும், செயினை முழுதாக மூடும் கவரையும் பாருங்கள்.

படி 4: வாங்கும் முன் கூட்டுங்கள்

சோதனை முடிந்ததும் அங்கேயே, வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, மாற்ற வேண்டியவற்றை எழுதிக் கூட்டுங்கள். தம்பியின் வண்டிக்கு நான் எழுதியது: வண்டி 1,800, டயர் ட்யூப் 960, செயினும் ஃபிரீவீலும் 380, பெடல் 180, பால்ஸும் கிரீஸும் 160, பிரேக் கட்டை 80, காட்டர் பின் 30, கம்பி நான்கு 20, கோட்டம் எடுக்க 100, மெக்கானிக் கூலி 250. மொத்தம் 3,960.

எனக்கு நானே வைத்துக்கொண்ட எல்லை: மொத்தம் புது வண்டி விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. 6,200 ரூபாய் வண்டிக்கு அது ஏறத்தாழ 4,130. அதற்கு மேல் போனால் புதியதே நல்லது. ஏனென்றால் பிரித்த பிறகு கண்ணில் படும் பழுது ஒன்றாவது இருக்கும். அதற்கு இடம் விட வேண்டும். இன்னொன்று, உங்கள் நேரம். தேற்றும் வேலை எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போயே ஆக வேண்டும், பஸ் கட்டணத்துக்கும் வழியில்லை என்றால் கடனோ தவணையோ, புதியதை வாங்கிவிடுங்கள்.

புதியதுதான் என்று முடிவானால்

கண்ணைக் கவரும் வண்டிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். அதே விலையில் தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க், பளீர் நிறம் கொண்ட வண்டி பக்கத்திலேயே நிற்கும். மலிவு விலை ஸ்பிரிங் ஃபோர்க் என்பது பெரும்பாலும் கனமும் ஆட்டமும் மட்டுமே. தடித்த டயர் தார் ரோட்டில் உங்கள் உழைப்பைத் தின்னும். அதோடு அந்த வண்டிகளில் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் தனித்தனி விலை. மழையில் முதுகு நெடுகச் சேற்றுக்கோடு விழுந்த பிறகுதான் மட்கார்டின் அருமை தெரியும். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேர்த்துப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கேரியரின் அருமை தெரியும்.

கறுப்புச் சைக்கிளின் குறை கனம். ஏறத்தாழ 20 கிலோ. மூன்றாவது மாடிக்குத் தூக்க வேண்டும் என்றால் வேறு யோசியுங்கள். அதன் பலம், எந்த ஊர் மரத்தடி மெக்கானிக்கிடமும் அதற்குப் பாகம் உண்டு என்பது. அட்லஸ் நிறுவனம் 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்தன்றே, தன் சாஹிபாபாத் தொழிற்சாலையை மூடியது. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் அதனால் தவித்துவிடவில்லை. இந்த வகை வண்டியின் பாகங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும்.

கடையில் பூட்டித் தரும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வண்டி பெட்டியிலிருந்து அரைகுறையாகப் பூட்டிய நிலையில்தான் வரும். அவசரத்தில் அச்சு, ஹேண்டில், காட்டர் பின் ஆகியவற்றை அரையும் குறையுமாக முடுக்குவது வழக்கம். இணையத்தில் வாங்கினால் அந்தப் பூட்டும் கூலியும் உங்கள் தலையில். அதைக் கேட்டு விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: தேற்றும் வேலை

கருவிகளுக்குப் பணத்தை இறைக்க வேண்டாம். சைக்கிள் கடையில் விற்கும் பல துளைச் ஸ்பேனர், ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், திருப்புளி, டயர் லீவர் இரண்டு, கைப்பம்பு ஆகியவை போதும். கோட்டம் எடுப்பது, ஃபிரீவீல் கழற்றுவது இரண்டையும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அவர் பத்து நிமிடத்தில் செய்வதை நாம் பாதி நாள் செய்து கெடுப்போம்.

பிரிப்பதற்கு முன் கைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பிரிக்கும் நட்டு, வாஷர்களை அந்தந்த இடத்துக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை என்று பிரித்துப் போடுங்கள். ஆணியைச் சுத்தியால் அடிக்கிற கோபத்தோடு எதையும் அணுகாதீர்கள். திரும்பாத நட்டுக்கு எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருங்கள்.

நினைவில் இருக்க வேண்டியது: இடது பெடலின் மரை எதிர்த்திசை. மற்றவை பெரும்பாலும் இடப்பக்கம் திருகினால் கழலும், இது வலப்பக்கம் திருகினால் கழலும். இது தெரியாமல் நான் முதல் வண்டியில் ஸ்பேனர் மேல் ஏறி நின்று, கிராங்கின் மரையைத் தேய்த்துவிட்டேன். பெடல் அச்சின் வலப்பக்கக் கப்பும் (பால்ஸ் உட்காரும் கிண்ணம்) எதிர் மரைதான். அதைக் கழற்றவே தேவையில்லை. இடப்பக்கத்தைக் கழற்றினாலே உள்ளே துடைத்துவிடலாம்.

காட்டர் பின்னை நேரடியாகச் சுத்தியால் அடித்தால் தலை மலர்ந்து வெளியே வராது. நட்டை அதன் முனைக்குச் சமமாக வைத்து, கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயைத் தாங்கு கொடுத்து, ஒரே அடி. பழைய பின்னைக் கையில் எடுத்துப் போய்க் காட்டி அதே பருமனில் வாங்குங்கள். பூட்டும்போது இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். ஒரே திசையில் நுழைத்தால் இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது நொண்டும்.

ஹப்புகளையும் பெடல் அச்சையும் திறந்து பழைய கிரீஸைத் துணியால் வழித்து, டீசலில் கழுவுங்கள். பால்ஸை எண்ணிக் கழற்றுங்கள். வழக்கமான கணக்கு முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10, பின்சக்கரத்தில் 9, பெடல் அச்சில் 11. கப்பில் ஒரு பால் இடம் காலியாக இருந்தால் சரி. நெருக்கி அடைத்தால் ஒன்றோடொன்று உரசித் தேயும். கிரீஸைத் தாராளமாக வையுங்கள். கோனை முடுக்கும்போது கையால் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டே முடுக்குங்கள். கரகரவென்றால் இறுக்கம் அதிகம், ஆடினால் தளர்வு அதிகம். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் உண்டு. வால்வு உள்ள பக்கத்தின் கனத்தால் சக்கரம் தானாகச் சுற்றி, அந்தப் பக்கம் கீழே வந்து, முன்னும் பின்னும் ஊசலாடி நிற்கும். ஊசலாட்டம் கண்ணால் தெரிந்தால் வேலை சரியாக முடிந்தது.

டயர் வாங்கும்போது ஏமாறுவது அளவில்தான். ‘26’ என்று எழுதியதெல்லாம் ஒன்றல்ல. 26 × 1⅜ டயரின் உள்விட்டம் 590 மில்லிமீட்டர். 26 × 2.10 போன்ற தடித்த டயரின் உள்விட்டம் 559. ஒன்று மற்றதில் ஏறாது. கறுப்புச் சைக்கிளின் 28 × 1½ என்பது 635. ‘28’ என்றே எழுதிய 700சி டயர் 622. பழைய டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ட்யூப்போடு ரிம் டேப்பையும் புதிதாகப் போடுங்கள். கம்பியின் முனை குத்தி, டயரில் முள்ளே இல்லாமல் வாராவாரம் பஞ்சர் ஆகிறவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இந்தச் சிறிய பட்டைதான். வால்வு ரப்பர் நாலைந்து கூடுதலாக வாங்கிப் பையில் போட்டுவையுங்கள்.

செயின் பூட்டும் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது மாட்டிக் கழன்றுவிடும். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீடுகளின் பரம்பரைப் பழக்கம். அது நாளாக ஆகப் பிசினாகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள்.

பிரேக் பற்றி ஒரு எச்சரிக்கை. கறுப்புச் சைக்கிளில் இருப்பது கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புத் தண்டால் இயங்குவது), அது ரிமின் உள்பக்கத்தில் அழுத்தும். ரிம் இரும்பு. நனைந்த இரும்பில் ரப்பர் வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீங்கள் நினைக்கும் இடத்தில் வண்டி நிற்காது. நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாகப் பிடித்து ரிமிலுள்ள நீரைத் துடைத்துவிட்டுப் பிறகு அழுத்துங்கள். வேகத்தையும் குறையுங்கள். பிரேக் கட்டைக்கு 80 ரூபாய்தான். அதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். பின்விளக்கும் அப்படித்தான். பேட்டரியில் ஓடும் சிவப்பு விளக்கு ஒன்றும், பின் மட்கார்டில் பிரதிபலிப்பானும் இல்லாமல் இரவில் பாடி மேம்பாலத்தில் ஏறுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பெயின்ட் அடிக்காதீர்கள். முதல் வண்டிக்கு 400 ரூபாய் கொடுத்துப் பச்சை பெயின்ட் அடித்தேன். அதை வேலையிடத்தில் எல்லோரும் ஒரு முறை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். தம்பியின் வண்டிக்குத் துருவை உப்புத்தாளால் தேய்த்து, தேய்த்த இடத்தில் மட்டும் கறுப்பைத் தொட்டுவிட்டேன். அதைத் திரும்பிப் பார்ப்பவர் யாரும் இல்லை, திருட நினைப்பவரும் இல்லை.

படி 6: முதல் மாதம்

புதியதோ தேற்றியதோ, முதல் சில வாரங்களில் எல்லாம் தளரும். மூன்றாம் நாள் காட்டர் பின் நட்டுகளை மறுபடியும் முடுக்குங்கள். அவை ஓடும்போது உள்ளே இன்னும் கொஞ்சம் உட்காரும். தளர்ந்தபடியே ஓட்டினால் பின்னும் கிராங்கும் சேர்ந்து கெடும். ஒரு வாரத்தில் அச்சு நட்டுகள், ஹேண்டில், சீட் மூன்றையும் பாருங்கள். மூன்று வாரத்தில் சக்கரத்தை மெக்கானிக்கிடம் காட்டி ஒரு முறை கோட்டம் எடுங்கள். புதுச் சக்கரக் கம்பிகள்தான் அதிகம் தளரும். அதன் பிறகு மாதம் ஒரு முறை எண்ணெய், வாரம் ஒரு முறை காற்று. டயரைக் கட்டைவிரலால் முழுப் பலத்தோடு அழுத்தினாலும் சற்றுத்தான் அமுங்க வேண்டும். காற்றுக் குறைந்த டயரில் பள்ளம் விழுந்தால் அடி நேராக ரிமுக்குப் போகும். ரிம் போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

பூட்டு வாங்கியதும் முன்சக்கரத்தையும் ஃபிரேமையும் சேர்த்துப் பூட்டப் பழகுங்கள். இரண்டாவது சாவியை வீட்டில், அரிசிப் பானைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவையுங்கள். தம்பி முதல் வாரமே ஒரு சாவியைத் தொலைத்துவிட்டான்.